ஆடி மூன்றாம் நாள் வந்த பர்மிட்

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு ஹாட் டப்பும் சேர்ந்து வந்தது. பேக்யார்டின் கடைசியில், சிமெண்ட் மேடைமேல், ஆறு பேர் உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டி. வீடு காட்ட வந்த ஏஜென்ட் அம்மாள் மூடியைத் தூக்கி, பொத்தானை அமுக்கி, தண்ணீர் நுரைத்துப் பொங்குவதைக் காட்டிவிட்டு என் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் மனைவி கூச்சப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஆறு பேர் ஒரே அண்டாவில் உட்கார்ந்து குளிப்பார்களா என்று காரில் திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

முதல் மூன்று கோடையிலும் அந்தத் தொட்டியில் யாரும் இறங்கவில்லை. அதன் மூடி அகலமாகவும் கெட்டியாகவும் இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் படும் இடம் வேறு. அவள் அதன்மேல் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்தாள். மோர்மிளகாய் காய வைத்தாள். பார்சிப்பனி வட்டாரத்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் எங்கள் வீட்டு வடாமுக்கு நல்ல பெயர். அது எதன்மேல் காய்ந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை.

இந்தக் கதைக்கு வேண்டிய இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனது ஜூலை மாதக் கடைசியில், அதாவது நட்ட நடு ஆடியில். வேறு வழியில்லை. அபார்ட்மெண்ட் லீஸ் முடிந்திருந்தது, பேங்க்காரன் கொடுத்த தேதியில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். சென்னையிலிருந்து மாமியார் போனில், "ஆடியில போய் யாராவது குடி போவாங்களா மாப்ளே? பதினஞ்சு நாள் தள்ளக்கூடாதா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "அத்தே, அமெரிக்காவுக்கு ஆடி கிடையாது. இங்க ஜூலைதான்" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, ஆபீசில் இருந்த தமிழ் நண்பர்களிடமும் அதைச் சொல்லிக் காட்டினேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு விரல்கள் வீங்க ஆரம்பித்தன. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். பால் கேலனைத் தூக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு, கொட்டிய பாலின் நடுவில் நின்று அழுதாள். முடக்குவாதம் என்று டாக்டர் பெயர் வைப்பதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. மூன்றாவது கோடையில் வடாம் அச்சை அழுத்தியது நான். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வட்டம் கோணலாகப் போகிறது என்று குறை சொன்னாள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

மாமியார் அதற்குப் பிறகு ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் பேசாமல் இருந்ததால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஸ்பெஷலிஸ்ட் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மார்ச் மாதம் சொன்னார்: தினமும் காலையில் இருபது நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து கைகால்களை அசைக்க வேண்டும். விடாமல் செய்தால் மூட்டுகள் இறுகிப்போகாமல் இருக்கும், நடையைக் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் வாக்கர்தான், அதற்கப்புறம் வீல் சேர்.

உடற்பயிற்சிக் கூடத்துக் குளத்துக்கு அவளை இரண்டு தடவை அழைத்துப் போனேன். முதல் நாள் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். இரண்டாம் நாள் சல்வார் கமீசோடு இறங்கினாள். லைஃப்கார்ட் பெண் விசிலை ஊதி, பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது, நீச்சலுடை போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள். அவள் சொன்னது விதி, தப்பில்லை. என் மனைவி சொட்டச் சொட்ட ஏறி வந்து, நனைந்த துணியோடே காரில் உட்கார்ந்தாள். அப்புறம், "என்னை இங்க இன்னொரு தடவை கூட்டிட்டு வராதீங்க" என்றாள்.

அப்போதுதான் வடாம் காய்ந்த தொட்டி ஞாபகம் வந்தது. வெந்நீர் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது! எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் ஜன்னலருகே போய் நின்று வெளியே பார்த்தாள். இடதுபுற வீட்டின் மாடி ஜன்னல்கள் இரண்டு, பின்வீட்டின் மாடி ஜன்னல்கள் மூன்று, எல்லாம் எங்கள் பேக்யார்டைப் பார்த்தே திறந்தன. ஆறடிக்கு மேல் வேலி போட டவுன்ஷிப்பில், அதாவது எங்கள் ஊர் நகராட்சியில், அனுமதி இல்லை. மாடியிலிருந்து பார்ப்பவருக்கு ஆறடி வேலி எம்மாத்திரம்?

"இடது பக்கத்து வீட்டம்மா நாள் முழுக்க ஜன்னல்லதாங்க உக்காந்திருக்கா. அவ பாக்க நான் நைட்டியோட இறங்கணுமா?" என்றாள். "தவிர டிசம்பர்ல பனியில எப்படி நடந்து போவேன்?"

ஆகவே தொட்டியைச் சுற்றி அடைப்பு கட்ட வேண்டும் என்று முடிவானது. மரச்சட்டம், பனி தாங்கும் கூரை, வெளிச்சம் வரும் ஆனால் ஆள் தெரியாத மங்கல் கண்ணாடி, சமையலறைக் கதவிலிருந்து அங்கே போக மூடிய நடை. நாற்பது வருடமாய் இதே வேலை செய்யும் ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். ஆறு வாரத்தில் முடித்துத் தருகிறேன், நீங்கள் பர்மிட்டை மட்டும் வாங்குங்கள் என்றார்.

பர்மிட்டை மட்டும்! எனக்குக் கம்ப்யூட்டரில் வேலை. இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் முழிக்கப் போகின்றன என்று ஊரே பயந்துகொண்டிருந்த காலம். அதைச் சரி பண்ண ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. அந்த வேலைக்கு நடுவில், லஞ்ச் நேரத்தில் டவுன்ஷிப் அலுவலகத்துக்கு ஓடுவேன். பில்டிங் பிரிவு பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை மூடியிருக்கும். அவர்களுக்கும் லஞ்ச்தான். ஒரு மணிக்குத் திறந்ததும் கவுண்டர் அம்மாள் என் ஃபாரத்தைப் புரட்டி, மூன்று பிரதி வேண்டும், நீங்கள் இரண்டுதான் வைத்திருக்கிறீர்கள் என்பாள். மூன்று கொண்டுபோனால், சர்வே வரைபடத்தில் தொட்டி குறிக்கப்படவில்லை என்பாள். குறித்துக்கொண்டு போனால், நீங்கள் குறிக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள சர்வேயர் குறிக்க வேண்டும் என்பாள். இது எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொல்வாள். நம்மூர் தாசில்தார் அலுவலகத்தில் எரிந்து விழுவார்கள், நாமும் பதிலுக்கு எரிந்து விழலாம். சிரிக்கிறவளிடம் என்ன செய்வது?

கடைசியில் ஏப்ரலில் பதில் வந்தது. மறுப்பு. கூரை இல்லாத தொட்டி பின்வேலியிலிருந்து ஏழடியில் இருக்கலாம். கூரை போட்டால் அது கட்டிடம். கட்டிடம் என்றால் பத்தடி தள்ளி இருக்க வேண்டும். மூன்றடி குறைகிறது. விதிவிலக்கு வேண்டுமென்றால் டவுன்ஷிப்பின் கட்டிட விதி போர்டு முன்னால் போய் நிற்க வேண்டும். போர்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். அதற்கு முன்னால் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

நோட்டீஸ் அனுப்ப அவள் சம்மதிக்கவே ஒரு வாரம் ஆனது. அவளுக்கு வியாதி என்று அதுவரை நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கோயிலில் கேட்டால் கால் சுளுக்கு என்பாள். விருந்துக்குக் கூப்பிட்டால் அவருக்கு ஆபீஸ் வேலை என்பாள். மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இப்படி ஒரு வியாதி என்று தெரிந்தால் நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்று பத்து வருடம் முன்கூட்டியே கவலைப்பட்டாள்.

"நோட்டீஸ்ல என் வியாதியைப் பத்தி எதுவும் இருக்காதே?"

"இருக்காது. கூரை, கண்ணாடி, மூணடி. அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நோட்டீசில் இல்லைதான். ஆனால் ஜூன் மாதத்தில் போர்டு முன்னால் நான் நின்றபோது, பின்வீட்டுக்காரர் எழுந்து, தன் வேலியருகே கூரை வருவதை ஆட்சேபித்தார். போர்டின் வக்கீல் என்னிடம், விதிவிலக்கு கேட்பதற்கு உங்கள் நிலத்தில் என்ன கஷ்டம் என்று கேட்டார். நிலம் சரிவா, பாறையா, கோணலா? நான் நிலத்தில் ஒன்றுமில்லை, என் மனைவிக்குத்தான் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, மன்னிக்கவும், சட்டப்படி நிலத்தின் கஷ்டம்தான் கணக்கு, மனிதர்களின் கஷ்டம் இல்லை என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பையிலிருந்து டாக்டர் கடிதத்தை எடுத்து, அவர் நிறுத்தச் சொல்லச் சொல்ல, கடைசி வரிவரை உரக்கப் படித்தேன். விரல்கள், மணிக்கட்டு, முழங்கால், வீல் சேர், எல்லாம். முப்பது பேர் இருந்த கூடம் அது. பின்வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே, ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஓட்டெடுத்தார்கள். ஒருமனதாக அனுமதி.

காரில் ஏறியதும் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன், ஆனால் காரியத்தை முடித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அவளிடம் நடந்ததைச் சொன்னபோது முகம் ஒரு நிமிஷம் இறுகியது. பிறகு, "போகட்டும். எனக்கு இறங்கினா போதும்" என்றாள்.

எஞ்சிய காகிதங்கள் ஒரு மாதம் எடுத்தன. மார்ச்சில் தொடங்கி நாலு மாதம் கழித்து, ஜூலையில் ஒரு திங்கட்கிழமை கவுண்டர் அம்மாள் போன் பண்ணி, உங்கள் பர்மிட் தயார் என்றாள். லஞ்ச் நேரத்தில் போய் வாங்கினேன். கதவிலோ ஜன்னலிலோ தெரியும்படி ஒட்ட வேண்டிய பெரிய மஞ்சள் அட்டை. அதை சீட்டில் சாய்த்து வைத்து, கண்ணாடிப் பொருளைக் கொண்டுபோவதைப் போல மெதுவாகக் காரோட்டிக்கொண்டு வந்தேன். அவள் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, தன் பெயரும் என் பெயரும் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அவளே கான்ட்ராக்டருக்கு போன் பண்ணினாள். வியாழக்கிழமை ஆட்களோடு வருகிறேன், செப்டம்பர் தொடக்கத்தில் முடித்துவிடுவேன் என்றார்.

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சில நாளாகக் கிழிக்க மறந்த தாள்களைச் சேர்த்துக் கிழித்தேன். புதுத் தாளில், ஆங்கிலத் தேதிக்குக் கீழே, ஆடி மூன்று என்று போட்டிருந்தது.

மனிதனுக்குப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நான் சாமி கும்பிடுகிறவன்தான், ஆனால் ராகுகாலம் பார்த்து வீட்டைவிட்டுப் புறப்படுகிறவனில்லை. நாள் பார்த்துக் கார் வாங்கிய நண்பனைக் கேலி செய்தவன். அந்தத் தாளைப் பார்த்ததும் மட்டும் நடந்ததையெல்லாம் அதோடு முடிச்சுப் போட ஆரம்பித்தேன். ஆடியில் குடி வந்தோம். அவள் கைகள் போயின. இப்போது அவளுக்காக மண்ணைத் தோண்டப் போகிறோம், அதுவும் ஆடியில். தெரியாமல் செய்தது ஒரு தடவை. தெரிந்தே இன்னொரு தடவையா? ஏதாவது ஆகிவிட்டால் மாமியார் மறுபடியும் ஒன்றும் கேட்கமாட்டார். அதை என்னால் தாங்க முடியாது.

"ஆவணி பிறந்ததும் ஆரம்பிச்சுக்கலாமா?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா இதைச் சொல்றீங்க?"

"நாலு மாசம் காத்திருந்தோம். இன்னும் நாலு வாரம். நல்ல நாள்ல ஆரம்பிச்சா நல்லது தானே?"

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை போயிடுச்சுங்க. தண்ணி சூடா இருந்தா போதும். ஆரம்பிக்கச் சொல்லுங்க."

சாப்பாட்டு மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே, "அப்பா, திஸ் இஸ் கிரேஸி. ஜஸ்ட் ஸ்டார்ட் இட்" என்றாள்.

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். வாதத்தில் தோற்கிற இடங்களில் எல்லாம் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் கைகொடுக்கும்.

மறுநாள் ஆபீசிலிருந்து நானே கான்ட்ராக்டருக்குப் போன் பண்ணினேன். ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்றேன். ஏன் என்று கேட்டார். குடும்பக் காரணம் என்றேன். அவர் டைரியைப் புரட்டுவது கேட்டது. இந்த வாரம் விட்டால் இதற்கு அடுத்து நிற்கிற பெரிய வேலையை முதலில் எடுத்தாக வேண்டும், அது முடிய அக்டோபர் ஆகும், பரவாயில்லையா என்றார். நான் கணக்குப் போட்டேன். அக்டோபர், ஆறு வாரம், நவம்பர் கடைசி. பனி விழுவதற்கு முன்னால் முடிந்துவிடும். பரவாயில்லை என்றேன். நாலு வாரம் என்று அவளிடம் சொன்னது மூன்று மாதமாக ஆகிவிட்டதை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மஞ்சள் அட்டையைச் சமையலறை ஜன்னலில் ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். அந்தக் கோடையிலும் வடாம் போட்டோம்.

கான்ட்ராக்டர் சொன்ன சொல் தவறவில்லை. அக்டோபர் நடுவில் வந்தார். மழை பிடித்துக்கொண்டது. தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது; இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, காய்ந்த பிறகுதான் சிமெண்ட் போட வேண்டும் என்றார். சிமெண்ட் போட்டார்கள். தூண் நிற்க வைத்தார்கள். கூரைச் சட்டம் வர வேண்டியது வரவில்லை. நவம்பர் வந்தது. அவள் தினமும் காலையில் காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அந்த நாலு தூண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மேலே நீல பிளாஸ்டிக் ஷீட் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். குளிர் ஏற ஏற அவள் நடை சுருங்கியது. மாடிப்படி ஏற என் தோள் தேவைப்பட்டது.

நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரம் ஒரு நாள் நான் ஆறு மணிக்கே ஆபீஸ் போய்விட்டேன். மகள் ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு என் மனைவி நைட்டிக்கு மேல் என் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, தனியாகத் தொட்டிக்குப் போயிருக்கிறாள். எந்த ஜன்னல்களுக்குக் கூச்சப்பட்டாளோ அந்த ஐந்து ஜன்னல்களுக்கும் கீழே, மூடியை எப்படியோ தள்ளிவிட்டு, முந்தின நாளே சூடேற்றி வைத்திருந்த தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு அவளே சொன்னதுதான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. விரல் எல்லாம் தானா விரிஞ்சுது. பத்து விரலையும் நீட்டிப் பார்த்தேன். அழுதுட்டேன்."

இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ஏறி வரும்போது தொட்டியின் மரப்படியில் கண்ணுக்குத் தெரியாமல் பனி உறைந்திருந்தது. வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. நனைந்த நைட்டியோடு, எழுந்திருக்க முடியாமல், அந்தக் குளிரில் படியடியில் கிடந்தாள். இடதுபுற வீட்டுக் கிழவி, நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று இவள் சலித்துக்கொண்டாளே அவள், பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, எழுபத்தெட்டு வயதில், ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு வேலிக்கதவைத் திறந்து வந்து, என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிழவி பார்த்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை மரத்துக்கும் கண்ணாடிக்கும் ஏற்பாடு செய்தோம்.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் கோயிலில் பழக்கமான ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். இனி எதை மறைக்க? கணவர், "ஏன் சார், அந்த என்க்ளோஷரை முன்னாடியே முடிச்சிருக்கலாமே?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "எங்க சார் விட்டான் டவுன்ஷிப்காரன்? பர்மிட் குடுக்காம இழுத்தடிச்சு இழுத்தடிச்சு, கடைசியில குளிர்காலம் வந்துடுச்சு" என்றேன். கட்டிலில் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும். விருந்துக்கு விருந்து அது வளர்ந்தது. மூன்று பிரதி, லஞ்ச் நேரம், நிலத்தின் கஷ்டம், பின்வீட்டுக்காரரின் தொப்பி. எல்லாம் நிஜம்தான், அதனால் பொய்யும் நிஜத்தோடு நிஜமாகக் கலந்துவிட்டது. நான் நன்றாகவே சொல்வேன். கவுண்டர் அம்மாளின் சிரிப்பைச் செய்து காட்டுவேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பர்மிட் வந்த மாதத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் "அப்புறம் ஒரு வழியா அக்டோபர்ல" என்று தாண்டிவிடுவேன். அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பாள். மறுத்துப் பேசியதில்லை.

அடைப்பு மே மாதத்தில் முடிந்தது. தொடங்கியதைப் பாதியில் விட்டால் அபராதம், ஆகவே முடித்தோம். கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, அருமையான வேலை, அனுபவியுங்கள் என்று என் கையைக் குலுக்கினார். அவளால் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி இறக்கிப் பார்த்தோம், வலியில் கத்தினாள். பிறகு முயலவில்லை. தண்ணீரை வடித்தேன். அடுத்த குளிர்காலத்தில் அங்கே கறிவேப்பிலைத் தொட்டிகளைக் கொண்டுபோய் வைத்தாள் மகள். மங்கல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் அவற்றுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. ஜனவரியில்கூடத் துளிர்விட்டது. வீட்டுக்கு வந்தவர்கள், நல்ல கிரீன்ஹவுஸ் கட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு கொத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாயிரம் பிறந்தது. அடுத்த வருடமும் வந்தது. அந்த ஜூலையில் என் ஆபீசில் வேலை செய்யும் ஒருவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், மனைவியோடு சாப்பிட வந்தார். புது வீடு வாங்கியிருக்கிறார், பின்னால் டெக், அதாவது மரத்தளம், கட்ட வேண்டும். "சார், பர்மிட் ரொம்ப நாள் ஆகுமா?" என்று கேட்டார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அதை ஏன் கேக்கறீங்க, அது ஒரு பெரிய கதை. இந்த டவுன்ஷிப்காரன் இருக்கானே" என்று ஆரம்பித்தேன்.

"பர்மிட் நாலு மாசத்துல வந்துடும் தம்பி" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் தட்டிலிருந்த சாதத்தை ஸ்பூனால் மெதுவாகப் பிசைந்துகொண்டே பேசினாள்.

"எங்களுக்கும் நாலு மாசத்துல வந்துச்சு. ஆடி மூணாந்தேதி. ஆடியா இருக்கேன்னு நாங்க ஆரம்பிக்கல. நீங்க நாள் கிழமை எல்லாம் பாக்காதீங்க. வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க."

இவர் என்று சொல்லாமல் நாங்க என்றாள். அந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஏதோ புரிந்தும் புரியாமலும் தலையாட்டினார். அவர் மனைவி, "அக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை கிடைக்குமா?" என்று பேச்சை மாற்றினாள். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தொட்டியின் மூடிமேல் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருந்தன. கைக்கு வந்ததை வெட்டினேன். எவ்வளவு வெட்டினேன் என்று கவனிக்கவில்லை. ஒரு பை நிறைந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "உனக்குத் தெரியும்ல, நான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டு இருந்தேன்னு? இத்தனை நாளா ஏன் ஒண்ணும் சொல்லல?"

"ஆஸ்பத்திரியிலயே கேட்டேன். நான் தூங்கல" என்றாள். "சொல்லலாம்னுதான் கண்ணைத் திறந்தேன். உங்க முகத்தைப் பார்த்தேன். அந்தப் பொய்யும் இல்லைன்னா நீங்க என்ன ஆவீங்களோன்னு பயமா இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தோன்றவில்லை.

"இப்ப ஏன் சொன்னே?"

"அந்தத் தம்பி பொண்டாட்டி நடக்கறதைக் கவனிச்சீங்களா? சேர்ல இருந்து எந்திரிக்க மேஜையைப் பிடிச்சுக்கிறா. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். பிறகு வாக்கரை இழுத்துக்கொண்டு, படுக்க வேண்டும், கையைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன்.